தேக்குவதும் திறப்பதும்: நாஞ்சில் நாட்டுக்குச் சூரியப் பண்ணையா, பேட்டரியா?

(நாகர்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



‘நாஞ்சில் நாடும் எரிசக்தியும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருந்தார்கள். பெரிய தலைப்பு. கோதையாற்று மின்நிலையத்தில் தொடங்கினால் கூடங்குளம் அணு உலையில் போய்த்தான் நிற்கும். ஒரு மாலைக்குள் அடங்காது. ஆகவே அதிலிருந்து ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: பேட்டரியோடு சேர்ந்த பெரிய சூரியமின் பண்ணை. இன்று மின்துறைக்காரர்கள் எங்கே கூடினாலும் இந்தப் பேச்சுத்தான். ராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் விருதுநகரிலும் சோலார் தகடுகள் ஏக்கர் ஏக்கராக விரிகின்றன. ‘நம்ம மாவட்டத்துக்கு எப்ப வரும்?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ‘வந்துவிடக் கூடாதே’ என்று கவலைப்படுபவர்களும் இருக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டம் பெரிய சூரியப் பண்ணைக்கு ஏற்ற இடமில்லை. பேட்டரிக்கு மிகவும் ஏற்ற இடம். ஆனால் பேட்டரியைக் கொண்டுவந்து இறக்குவதோடு வேலை முடிந்துவிடாது. அதில் தேங்கும் மின்சாரத்தை எந்த நேரத்தில், யாருக்காக, யார் உத்தரவில் திறந்துவிடுவது என்பதை ஊரறிய முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்.

1. இடக் கணக்கு

நம் மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,680 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் 18 லட்சத்து 70 ஆயிரம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சராசரி 555. நம் மக்கள் நெருக்கம் மாநிலச் சராசரியைப் போல் இரண்டு மடங்கு.

இப்போது கமுதியைப் பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதி வட்டாரத்தில் செங்கப்படை ஊரை ஒட்டி 2016 செப்டம்பரில் ஒரு சூரியமின் நிலையம் செயல்பாட்டுக்கு வந்தது. திறன் 648 மெகாவாட். நிலம் 2,500 ஏக்கர். தகடுகள் 25 லட்சம். எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். ஒரே இடத்தில் அமைந்த சூரியமின் நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று அன்றைக்கு அதைச் சொன்னார்கள். கணக்குப் போட்டால் ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ நான்கு ஏக்கர் வருகிறது.

குமரி மாவட்டத்தில் 2,500 ஏக்கரை ஒரே பரப்பாக எங்கே தேடுவது? வடக்கே காடும் ரப்பரும். நடுவில் நெல், வாழை, தென்னை. கடலோரம் முழுக்க மீனவ ஊர்கள். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவதே தெரியாது. மிஞ்சுவது கிழக்கே தோவாளை வட்டத்தின் புன்செய். அங்கேயும் ஆரல்வாய்மொழிக் கணவாயைச் சுற்றிக் காற்றாலைக் காத்தாடிகள் ஏற்கெனவே நிற்கின்றன. வெயிலிலும் நமக்கு முன்னுரிமை கிடையாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு. மேகமும் அதற்குத் தக்கபடி உண்டு. ராமநாதபுரத்தின் வறண்ட வானத்தோடு நாம் போட்டியிட முடியாது.

நன்செய்யில் தகடு நடலாம் என்ற யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்கே சோறு போட்ட நாடு இது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த வயல் பத்துகள் தென்னந்தோப்பாகி, வாழைத்தோட்டமாகி, வீட்டுமனையாகி, மிஞ்சியது கொஞ்சம். அதிலும் கை வைத்தால் பிறகு கால்வாய் எதற்கு, மடை எதற்கு?

இன்னொரு யோசனை குளத்தில் மிதக்கும் தகடுகள். நல்ல தொழில்நுட்பம்தான். கேரளத்தில் காயங்குளத்தில் 92 மெகாவாட் மிதக்கிறது. தெலங்கானாவில் ராமகுண்டம் நீர்த்தேக்கத்தில் 100 மெகாவாட். தூத்துக்குடியிலும் ஓர் ஆலையின் நீர்த்தேக்கத்தில் 2022 முதல் நடக்கிறது. நம்மிடம் 2,000க்கு மேல் குளங்கள் இருப்பதால் யாருக்காவது ஆசை வரும். ஆனால் சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறிய ஈரநிலங்கள். வலசை வரும் பறவைக்கு வெறும் தண்ணீர் போதாது. திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். தாமரை பறிப்பவருக்கும் மீன் பிடிப்பவருக்கும் அதே பரப்புத்தான் வேண்டும். ஆலைக்குள் இருக்கும் தொட்டிக்குப் பொருந்துவது ஊர்க்குளத்துக்குப் பொருந்தாது.

2. கமுதியும் பாவகடாவும்

இடமில்லை என்று சொல்லி நாம் ஒதுங்கிவிடவும் முடியாது. கணவாயைத் தாண்டினால் ராதாபுரம், வள்ளியூர். அங்கே நிலம் வாங்கப் போகிறவர்கள் தோவாளையையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். ஆகவே மற்ற ஊர்களில் ஒப்பந்தங்கள் எப்படிப் போடப்பட்டன என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கமுதி மின்சாரத்துக்கு ஒப்பந்த விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. காலம் 25 ஆண்டு. அந்த நிலையம் ஓடத் தொடங்கிய எட்டே மாதத்தில், 2017 மே மாதம், ராஜஸ்தானின் பத்லா பூங்காவுக்கு நடந்த ஏலத்தில் 2 ரூபாய் 44 காசுக்கு விலை கேட்டார்கள். தகட்டின் விலை உலகெங்கும் சரிந்துகொண்டிருந்த காலம் அது. இறங்கும் விலையில் நீண்ட கால ஒப்பந்தம் போட்டால் பாரத்தைச் சுமப்பது மின்கட்டணம் கட்டுபவர். இன்று பேட்டரியின் விலையும் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருப்பதால் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

கர்நாடகத்தில் பாவகடா வேறு மாதிரி. 2,050 மெகாவாட், சுமார் 13,000 ஏக்கர். அங்கே நிலத்தை விலைக்கு வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. வறட்சியில் அடிபட்ட விவசாயிக்கு இது உறுதியான வருமானம், பட்டாவும் கைமாறவில்லை. ஆனால் குத்தகைப் பணம் பட்டா உள்ளவருக்குத்தான் போகும். அந்த நிலத்தில் களை பறித்தும் ஆடு மேய்த்தும் பிழைத்தவருக்கு அதில் பங்கில்லை. குத்தகை முறை விற்பனையைவிட நல்லது என்பதை ஏற்றுக்கொண்டே, நிலமில்லாதவருக்கு என்ன என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

3. மாலை ஆறு மணிக்கு மேல்

சரி, பேட்டரி ஏன்? சூரியப் பண்ணைக்கு அது எதற்கு?

2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கடும் கோடையின் பகல் நேரத் தேவை அது. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுத்துவிடும். சிக்கல் தொடங்குவது பொழுது சாயும்போது. மாலை ஐந்தரைக்குத் தகடுகள் களைத்துவிடும். ஆறரைக்குச் சூரிய மின்சாரம் பூஜ்யம். அதே நேரத்தில்தான் வீடுகளில் விளக்கு, மின்விசிறி, ஏசி, மிக்சி எல்லாம் போடுகிறார்கள். ஒரு பக்கம் உற்பத்தி இறங்க, இன்னொரு பக்கம் தேவை ஏற, இடையிலுள்ள பள்ளத்தை இரண்டு மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அனல் மின்நிலையம் அவ்வளவு வேகமாக ஏறாது. மின்சந்தையில் வாங்கலாம். ஆனால் எல்லா மாநிலமும் அந்த நேரத்தில்தான் வாங்க வருகின்றன. விலை உச்சவரம்பான யூனிட் 10 ரூபாயில் போய் முட்டும். நண்பகலில் அதே சந்தையில் அந்த விலையின் கால்பங்குக்குக் கேட்டாலும் கிடைக்கும்.

மின்சாரம் மிஞ்சினாலும் தொல்லைதான் என்பதை நம் அண்டை நாட்டில் கண்டோம். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு உள்ளே புகுந்து கோளாறானது என்று அமைச்சர் சொன்னார். இலங்கை முழுவதும் இருண்டது. குரங்கைப் பற்றி உலகமே சிரித்தது. உண்மையான காரணம் வேறு. விடுமுறை நாளில் தேவை குறைவு. வெயில் நன்றாக அடித்ததால் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம். அதிர்ச்சியைத் தாங்கும் கனமான சுழலிகள் அப்போது குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. சிறு கோளாறைக்கூடத் தாங்க முடியவில்லை. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் தகடு வைத்திருப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை அதை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. காசு போட்டுத் தகடு வாங்கியவரிடம் வெயில் நேரத்தில் அணைத்துவையுங்கள் என்று கேட்கும் நிலை. கிளிநொச்சி மாவட்டத்தில் பூநகரிக் குளத்தை ஒட்டி 700 மெகாவாட் சூரியமின் நிலையத்தோடு 1,500 மெகாவாட் மணி பேட்டரியும் சேர்த்துத் திட்டமிட்டதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

இந்தியாவிலும் பாடம் படித்துவிட்டார்கள். சத்தீஸ்கரின் ராஜ்நாந்த்கானில் 100 மெகாவாட் சூரியமின் நிலையத்தோடு 120 மெகாவாட் மணி பேட்டரி 2024 முதல் இயங்குகிறது. 2025 பிப்ரவரியில் மத்திய மின்சார ஆணையம் ஓர் அறிவுரை வெளியிட்டது: இனி சூரியமின் டெண்டர்களில், திறனில் குறைந்தது 10 சதவீத அளவுக்கு, இரண்டு மணி நேரம் தாங்கும் சேமிப்பும் அதே இடத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகமும் 2025இல் 1,000 மெகாவாட் மணி பேட்டரிக்கு டெண்டர் விட்டது. ஒரு மெகாவாட் மணி என்றால் ஆயிரம் யூனிட். ஆயிரம் மெகாவாட் மணி பத்து லட்சம் யூனிட்.

4. ஒரு கன்டெய்னருக்குள்

பேட்டரி நிலையம் என்றதும் இன்வெர்ட்டர் கடையில் பார்த்த ஆசிட் பேட்டரிகளை மனதில் கொண்டுவர வேண்டாம். அருகில் போய்ப் பார்த்தால் துறைமுகத்தில் நிற்கிற அதே இருபது அடி கன்டெய்னர்தான். வெள்ளை நிறம், வரிசையாகக் கதவுகள். கதவைத் திறந்தால் அலமாரி அலமாரியாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள். ஒரு செல்லின் அழுத்தம் 3.2 வோல்ட், மூன்று பேனாக்கட்டைக்குக்கூட ஈடாகாது. ஆயிரக்கணக்கானவற்றைத் தொடராகவும் இணையாகவும் கோத்து, குளிர்விக்கும் திரவம் ஓடும் குழாய்களை இடையில் விட்டு, ஒவ்வொரு செல்லின் வெப்பத்தையும் ஒரு கணினி கவனித்துக்கொண்டே இருக்கிறது. இன்று சந்தையில் வரும் கன்டெய்னர் ஒன்றில் சுமார் 5,000 யூனிட் அடைக்கலாம். செல் தருவது நேர்மின்சாரம். அதை மாறுமின்சாரமாக்க வெளியே ஒரு மாற்றி, அழுத்தத்தை ஏற்ற ஒரு டிரான்ஸ்ஃபார்மர், பிறகு துணைமின் நிலையத்தின் கம்பி. சுழலும் பாகம் என்று சொல்ல உள்ளே மின்விசிறியும் பம்பும்தான். நிறுத்தத்திலிருந்து முழுத் திறனுக்கு வர இதற்கு ஒரு நொடிகூட ஆகாது. 2017இல் தென் ஆஸ்திரேலியாவில் ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரி வைத்தபோது உலகம் வியந்தது இந்த வேகத்தைப் பார்த்துத்தான்.

இடம் எவ்வளவு வேண்டும்? ஆயிரம் மெகாவாட் மணிக்கு 200 கன்டெய்னர். இடைவெளி, மாற்றிகள், தீயணைப்பு வண்டி போகும் பாதை எல்லாம் சேர்த்தாலும் பத்து பதினைந்து ஏக்கருக்குள் அடக்கிவிடலாம். கமுதியின் 2,500 ஏக்கரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

செலவையும் கணக்கிடுவோம். மாணவர்கள் கையில் பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரியை நிறுவனம் வைக்கும். மின்வாரியம் மாத வாடகை தரும். இதுதான் இந்திய டெண்டர்களின் வழக்கம். 2022இல் முதல் பெரிய ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு மாத வாடகை 10 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். மூன்றே ஆண்டில் அது இரண்டு, இரண்டரை லட்சத்துக்கு இறங்கிவிட்டது. 2,40,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 28 லட்சத்து 80 ஆயிரம். இரண்டு மணி நேர பேட்டரி ஒருமுறை திறந்தால் 2,000 யூனிட். நாளுக்கு ஒருமுறை, 95 சதவீத நாள் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சத்து 90 ஆயிரம் யூனிட். வாடகை யூனிட்டுக்கு 4 ரூபாய் சொச்சம். உள்ளே போடும் 100 யூனிட்டில் வெளியே வருவது 85தான். நண்பகல் மின்சாரத்தை இரண்டரை ரூபாய்க்கு வாங்கினாலும் இழப்போடு 3 ரூபாய் ஆகிவிடும். மொத்தம் 7 ரூபாய். மாலைச் சந்தையின் 10 ரூபாயைவிடக் குறைவு. அதே பேட்டரியை நாளுக்கு இரண்டுமுறை நிரப்பித் திறந்தால் வாடகை பாதியாகி மொத்தம் 5 ரூபாய்க்கு வந்துவிடும்.

ஆக எல்லாம் அந்த இரண்டாவது நிரப்பலில் இருக்கிறது. பகலில் வெயில் நிரப்பும். இரவில் எது நிரப்பும்?

5. ஆரல்வாய்மொழிக் காற்று

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ராமநாதபுரத்தால் முடியாது. நம்மால் முடியும்.

தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் நுழைய மூன்று பெரிய வாசல்கள்: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலை வைத்துப் பார்த்த தமிழ்நாடு, சில ஆண்டுகளிலேயே ஆரல்வாய்மொழிக் கணவாயில் உள்ள முப்பந்தலுக்கு வந்துவிட்டது. வைகாசி பாதியில் தொடங்கிப் புரட்டாசி வரை அங்கே காற்றின் ஆட்சிதான். மாநிலத்தின் காற்றாலைத் திறன் இன்று 11,000 மெகாவாட்டுக்கு மேல். அதில் நம் கணவாயும் அதை ஒட்டிய நெல்லைச் சீமையும் பெரும் பங்கு.

ஆடி மாதம் நள்ளிரவுக்கு மேல் தேவை படுத்துவிடும், காற்று படுக்காது. அப்போது சுமை அனுப்பு மையத்திலிருந்து உத்தரவு வரும்: இத்தனை மெகாவாட் குறை. நெடுஞ்சாலையில் போகிறவர் பார்ப்பது வீசுகிற காற்றும் நிற்கிற காத்தாடியும். எதற்கு நிற்கிறது என்று அவருக்குப் புரியாது; பழுது என்று நினைத்துக்கொள்வார். விற்க முடியாத மின்சாரம் அது. சூரிய மின்சாரத்திலும் இந்தச் சிக்கல் எழுந்து வழக்கானது. கிரிட் பாதுகாப்புக்காக அல்லாமல் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னால் இழப்பீடு தர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தமிழ்நாட்டு வழக்கில் தீர்ப்பளித்தது.

நம் காற்றாலைக்காரர்களுக்குச் சேமிப்பு புதிதும் இல்லை. ‘பேங்கிங்’ என்ற ஏற்பாடு 1980களிலிருந்தே உண்டு. ஆடியில் கொடுத்த யூனிட்டை மார்ச்சுக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கணக்குப் புத்தகத்தில் மின்சாரம் தேங்கியிருக்கும். உண்மையில் அது அன்றே செலவாகியிருக்கும். எடுக்க வரும்போது மின்வாரியம் வேறெங்காவது வாங்கித் தர வேண்டும். அந்தச் சுமையால் வாரியத்துக்கும் காற்றாலை உரிமையாளர்களுக்கும் நடந்த வழக்குகள் ஏராளம். பேட்டரி வந்தால் ஆடியை மாசிக்குக் கொண்டுபோக முடியாது; நள்ளிரவைக் காலை ஏழு மணிக்குக் கொண்டுபோகலாம். அது போதும். பகலில் வடக்கேயிருந்து கம்பியில் வரும் சூரிய மின்சாரத்தால் ஒருமுறை, இரவில் கணவாய்க் காற்றால் ஒருமுறை. காற்றுக் காலம் முழுவதும் நாளுக்கு இரண்டு நிரப்பல் நம்மிடம் நடக்கும்.

இன்னொரு வாய்ப்பும் கூடி வந்திருக்கிறது. முப்பந்தலில் பழைய 225, 250 கிலோவாட் காத்தாடிகள் இன்னும் நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரிய காத்தாடி வைக்க 2024இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கை வகுத்தது. இன்றைய ஒரு காத்தாடி பழைய எட்டு, பத்து காத்தாடியின் வேலையைச் செய்யும். இடம் காலியாகும், துணைமின் நிலையமும் கம்பியும் ஏற்கெனவே இருக்கின்றன. பேட்டரி வைக்கப் புதிதாக யாருடைய வயலையும் கேட்க வேண்டியதில்லை.

மலையில் நீரேற்றிச் சேமிக்கும் முறையும் உண்டு. மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டுச் சுழலியை ஓட்டுவது. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களின் இறுதியிலிருந்து இருக்கிறது. நம் மாவட்டத்தில் வெள்ளிமலையில் 1,100 மெகாவாட் திட்டம் அரசின் பட்டியலில் இருக்கிறது. பேட்டரியின் ஒப்பந்தம் 12, 15 ஆண்டு; நீரேற்று நிலையம் அரை நூற்றாண்டு உழைக்கும். ஆனால் அதற்கு அணை வேண்டும், குகைப்பாதை வேண்டும், காடு வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் நமக்கு மிஞ்சியிருக்கும் காடு எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். கன்டெய்னரை வைத்து, ஒத்துவரவில்லை என்றால் எடுத்துவிடலாம். வெட்டிய காட்டைத் திரும்ப வைக்க முடியாது. முதலில் பேட்டரியைச் செய்துபார்க்கலாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

6. தீயும் புயலும்

பேட்டரிக்காக வாதாடுபவன் அதன் ஆபத்தையும் சொல்லக் கடமைப்பட்டவன். 2025 ஜனவரி 16ஆம் தேதி கலிபோர்னியாவில் மாஸ் லேண்டிங் என்ற ஊரில் பெரும் பேட்டரி நிலையம் தீப்பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். நெடுஞ்சாலை மூடப்பட்டது. தண்ணீர் அடித்து அணைக்கக்கூடிய தீ அல்ல அது. எரிந்து தீரும்வரை காத்திருந்தார்கள். பக்கத்திலேயே எல்க்ஹார்ன் என்ற கழிமுக ஈரநிலம். அதன் மண்ணில் நிக்கல், கோபால்ட், மாங்கனீசு படிந்திருப்பதை ஆய்வாளர்கள் பிறகு கண்டார்கள்.

அங்கே இருந்தவை நிக்கல் கலந்த செல்கள், அதுவும் ஒரே கட்டடத்துக்குள் நெருக்கி வைத்தவை. இன்று இந்தியாவுக்கு வரும் இரும்பு பாஸ்பேட் செல் அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது; கன்டெய்னர்களும் வெளியில் தள்ளித் தள்ளி நிற்கும். ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. ஆகவே குளத்தங்கரையிலோ கால்வாய்க் கரையிலோ பேட்டரி வைக்கக் கூடாது. தேரூரையும் சுசீந்திரத்தையும் நினைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் பயிற்சியும் கருவியும் கொடுத்த பிறகே நிலையத்தைத் திறக்க வேண்டும். ஆயுள் முடிந்த செல்லைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு 2022ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு விதிகளின்படி உற்பத்தியாளருக்கு உண்டு. ஒப்பந்தத்தில் அது எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2017 நவம்பர் 30ஆம் தேதியை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. கரையில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓடவில்லை. ஐஸ் பிளான்ட் ஓடவில்லை. கணவாயில் ஒரு பெரிய பேட்டரி அன்று இருந்திருந்தால் உதவியிருக்குமா? உதவியிருக்காது, கம்பம் விழுந்த பிறகு கணவாய்க்கும் குளச்சலுக்கும் என்ன தொடர்பு? புயலுக்குப் பயன்படுவது ஆரம்பச் சுகாதார நிலையத்தின் கூரையில் இருக்கும் தகடும், அதன் அறையில் இருக்கும் சிறு பேட்டரியும், குடிநீர்த் தொட்டியடியில் இருக்கும் இன்னொன்றும்தான். பெரிய திட்டத்தைப் பேசும் சந்தடியில் இந்தச் சின்ன வேலைகள் மறந்துபோகக் கூடாது.

7. திறப்பு யார் கையில்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தேக்கி வைப்பது நாஞ்சில் நாட்டுக்குப் புதிய வித்தை இல்லை. திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897இல் தொடங்கி 1906இல் பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்தார்கள். கட்டிய பொறியாளர் மிஞ்சின் துரையின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கும் முன்னால் பாண்டியன் கால் உண்டு; குளங்கள் உண்டு. அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள் என்ற பழைய ஆவணங்களைப் புரட்டினால் குளமும் காலும் மடையும் இல்லாத நாஞ்சில் நாட்டு வரலாறே இல்லை என்று தெரியும்.

அணையைக் கட்டியதோடு சண்டை தீர்ந்ததா? அப்போதுதான் தொடங்கியது. எந்தத் தேதியில் திறப்பது, எந்தச் சானலுக்கு எத்தனை நாள், கடைவரம்புக்குத் தண்ணீர் போகிறதா இல்லையா என்பதுதான் நூறு ஆண்டுக்கு மேலாக நம் பேச்சு. அந்தச் சண்டையால்தான் ஒழுங்கும் பிறந்தது. கோதையாற்றுப் பாசனத்தில் ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை திறப்பு என்பது 79,000 ஏக்கர் ஆயக்கட்டுக்கும் தெரிந்த விதி. ஒரு வாரம் தள்ளிப்போனால் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கேள்வி எழும். அணையில் எத்தனை அடி, எத்தனை கன அடி வெளியேற்றம் என்பது தினமும் பத்திரிகையில் வருகிறது. தோவாளைச் சானலின் கடைசி மடையில் நிற்கும் விவசாயிக்கும் அது தெரியும்.

பேட்டரியும் ஓர் அணைதான். அதன் திறப்பு இன்று யாருக்குத் தெரியும்? நண்பகலில் மலிவாக நிரப்பி மாலையில் 10 ரூபாய்ச் சந்தையில் விற்றால் நிறுவனத்துக்கு நல்ல வருமானம். அதே மாலையில் குலசேகரம் பக்கத்து ஃபீடரில், அதாவது ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிப் பாதையில், லோ வோல்டேஜ் இருந்தால் அது யார் பொறுப்பு? 2023 செப்டம்பரில் மத்திய அரசு பேட்டரிக்கு மானியம் அறிவித்தபோது ஒரு நல்ல நிபந்தனையைச் சேர்த்தது: மானியம் பெறும் நிலையத்தின் திறனில் குறைந்தது 85 சதவீதம் மின்பகிர்மான நிறுவனங்களுக்குக் கிடைக்க வேண்டும். பகிர்மான நிறுவனத்துக்குக் கிடைத்தது நம் ஊர் ஃபீடருக்குக் கிடைத்ததா என்பது அடுத்த கேள்வி. அதற்கு எந்த விதியும் இல்லை. நாம் கேட்டால்தான் வரும்.

என்ன கேட்க வேண்டும்? என் பட்டியல் சிறியது. பேட்டரி நிலையம், ஏற்கெனவே இருக்கிற துணைமின் நிலையத்தின் வளாகத்திலோ பழைய காத்தாடி எடுத்த இடத்திலோ அமைய வேண்டும்; நன்செய்யும் குளமும் பட்டியலிலேயே வரக் கூடாது. தனியார் நிலம் தேவைப்பட்டால் குத்தகை மட்டும், விற்பனை வேண்டாம். எத்தனை மணிக்கு நிரப்பினார்கள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எந்த விலையில் என்பதை அணையின் நீர்மட்டம் போல் அன்றாடம் வெளியிட வேண்டும். இரவில் காற்று மிஞ்சும்போது காத்தாடியை நிறுத்தச் சொல்வதற்கு முன் பேட்டரி நிரம்பிவிட்டதா என்று பார்ப்பது கட்டாயமாக வேண்டும். கொள்ளளவில் ஒரு பகுதியை மாவட்டத்தின் மருத்துவமனை, குடிநீர் ஃபீடர்களுக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். கம்பம் நிற்கும் நாட்களில் நேரும் மின்தடைக்காவது அது பயன்படும்.

இவற்றைக் கேட்பதற்கு மன்றம் இருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்துக்கும் கொள்முதலுக்கும் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. கடிதம் எழுதலாம், நேரில் போயும் பேசலாம். காற்றாலைச் சங்கங்கள் வழக்கறிஞர்களோடு வருகின்றன, ஆலைகள் வருகின்றன. குளத்துத் தண்ணீருக்காக ஆட்சியர் அலுவலகத்துக்குத் தவறாமல் போகிற நாஞ்சில் நாட்டு விவசாயி மின்சார விசாரணைக்கும் போகத் தொடங்க வேண்டும். வீட்டுக்காரரும் ஐஸ் பிளான்ட் நடத்துபவரும் மீனவர் சங்கமும் அப்படியே.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மாநிலச் சுமை அனுப்பு மையம் நாள்தோறும் வெளியிடும் கணக்கு இணையத்தில் கிடைக்கிறது. வரும் ஆடியில் ஒரு வாரத்துக்கு அதை எடுத்து, காற்று, சூரியம், தேவை மூன்றையும் ஒரே தாளில் மணிக்கு மணி வரைந்து பாருங்கள். எந்த மணியில் மிஞ்சுகிறது, எந்த மணியில் பற்றாக்குறை என்று நீங்களே காண்பீர்கள். அந்தத் தாளோடு ஆணையத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். நம் மாவட்டத்துக்கு முதல் பேட்டரி ஒப்பந்தம் வரும் நாளில் திறப்பு விதி என்ன என்ற கேள்வி முன்னமே மேசைமேல் இருக்க வேண்டும். கையெழுத்தான பிறகு கேட்டால் 15 ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கும். கமுதி விலையில் அதைத்தான் படித்தோம்.